பிழை எங்கே?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பழமொழி யாரோ ஒருத்திக்காகச் சொல்லப்பட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது எனக்கும் பொருந்தும் என்பதை 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நான்கே நாட்களில் உணர்ந்துகொண்டேன். அந்த நான்கு நாள் அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன். கணிப்பொறி பயிலாத தோழியரும் அஞ்சாமல் படிக்கலாம். இதில் கணிப்பொறியைவிட மனிதர்களே மிகுதி.

என் தந்தை கணக்கு எழுதிப் பிழைப்பவர். திண்டுக்கல் நகரிலும், தாடிக்கொம்பு, சின்னாளப்பட்டி, வேடசந்தூர் ஆகிய ஊர்களிலும் உள்ள ஏழு கடைகளுக்கு அவர்தான் கணக்கு. அவற்றுள் ஒன்று சுங்குடிச் சேலைக் கடை. ஒன்று இரும்புச் சாமான் கடை. மற்றவையும் அதுபோன்ற சிறு கடைகளே. சிவப்பு அட்டை போட்ட நீண்ட பேரேடுகளில் முத்து முத்தாக எழுதி வந்தவர் அவர். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், ஐம்பதை நெருங்கும் வயதில் கணிப்பொறியைக் கற்றுக்கொண்டார். தவணையில் ஒரு கணிப்பொறியும், கணக்கு எழுதும் மென்பொருளும் வாங்கி வீட்டுக் கூடத்தின் மூலையில் வைத்தார். எங்கள் வீட்டின் அடுப்பு எரிந்தது அந்த மூலையினால்தான் என்றால் மிகையாகாது.

2024 தொடக்கத்தில் சர்க்கரை நோய் அவருடைய கண்களைப் பற்றியது. மதுரைக்கு அழைத்துச் சென்றோம். விழித்திரையில் லேசர் சிகிச்சை செய்தார்கள். பார்வை முற்றிலும் போகாமல் காத்தார்கள். ஆயினும் திரையில் உள்ள சிறு எழுத்துகள், மழையில் நனைந்த மைபோல அவருக்குக் கலங்கித் தெரிந்தன. "ஏழு கணக்கும் கைவிட்டுப் போய்விடுமே" என்று அம்மா கலங்கினார். அப்பொழுதுதான் என் அக்கா முன்வந்தாள். நம் கல்லூரியிலேயே வணிகவியல் பயின்று, மணமாகிக் கோவைக்குச் சென்றவள். கையில் ஆறு மாதக் குழந்தை. "பிள்ளை தூங்குற நேரத்துல நான் பார்த்துக்கிறேன்பா. நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க, போதும்" என்றாள்.

கோவையில் இருக்கும் அக்கா, திண்டுக்கல்லில் இருக்கும் கணிப்பொறியில் எப்படி எழுதுவது? கணக்கை அவளிடமே அனுப்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த மென்பொருளின் உரிமம் ஒரு கணிப்பொறிக்கு மட்டுமே. பகலில் பில்களை நான் ஏற்றுவேன். இரவில் அக்கா சரிபார்ப்பாள். கணக்கு இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் இரண்டு விதமாகிவிடும். "கணக்கு ஒரே இடத்துலதான் இருக்கணும்" என்றார் அப்பா. எனவே, தொலைவிலிருந்து ஒரு கணிப்பொறியின் திரையைக் கண்டு, அதன் விசைகளை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் என்னும் வசதியை நாடினோம். இது புதிய வித்தை அன்று. 1998 இலேயே மைக்ரோசாப்ட் இதனை வெளியிட்டது. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் தொழில்முறைப் பதிப்பிலும் சேர்த்தது. விண்டோஸின் வீட்டுப் பதிப்பு இவ்வாறு பிறரை உள்ளே விடாது; தொழில்முறைப் பதிப்பே விடும். எங்களிடம் இருந்தது நல்வாய்ப்பாகத் தொழில்முறைப் பதிப்பு.

இவ்விடத்தில் எங்கள் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைக்கோட்டை தெரியும் ஒரு தெருவில், நான்கு குடும்பங்கள் வாழும் காம்பவுண்டு வீடு. மாடியில் வீட்டுக்காரப் பெரியம்மா, பிளஸ் டூ படிக்கும் தம் பேரனுடன் இருக்கிறார். கீழே மூன்று வீடுகள். இணைய இணைப்பு ஒன்றே. அது பெரியம்மாவின் பெயரில் உள்ளது. மோடம் மாடிப்படியின் உச்சியில் சுவரில் தொங்குகிறது. மாதக் கட்டணத்தை நால்வரும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். குழாயடியில் தண்ணீர் முறை வைத்துப் பிடிப்பதுபோல இணையத்தையும் பகிர்ந்துகொண்டோம்.

ஒரு காம்பவுண்டுக்குத் தெருவில் கதவு எண் ஒன்றுதான். உள்ளே இருக்கும் வீடுகளுக்கு நாமே முதல் வீடு, இரண்டாம் வீடு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். இணையத்திலும் அப்படியே. மோடத்திற்கு வெளியுலகம் அறிந்த ஒரு முகவரி. உள்ளே இருக்கும் கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். உள்ளேயிருந்து ஒருவர் கடிதம் எழுதினால், அதற்குரிய பதில் யாருக்கு என்பதை மோடம் நினைவில் வைத்துச் சேர்த்துவிடும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து தட்டினால், எந்த வீட்டுக்கு என்று மோடத்திற்குத் தெரியாது, திருப்பியனுப்பிவிடும். ஆகவே, "3389 என்னும் வாசலில் யார் தட்டினாலும் 192.168.1.7 என்ற வீட்டுக்கு அனுப்பு" என்று மோடத்தில் ஒரு விதி எழுத வேண்டும். 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்று வழங்கும் வாசல் எண்.

2024 ஜூன் மாதத்தில் அந்த விதியை எழுதியவள் நான்தான். மாடி வீட்டுத் தம்பி தன் பாடத்தை மூடி வைத்துவிட்டு வந்து, மோடத்தின் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தான். அன்றிரவு அக்கா கோவையிலிருந்து எங்கள் கணிப்பொறிக்குள் நுழைந்து கணக்கைத் திறந்தபோது, அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கோ தலைகால் புரியவில்லை. மூன்றாம் ஆண்டுக்கு வருமுன்பே பெரிய பொறியாளர் ஆகிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். மோடத்தின் வெளிமுகவரி அவ்வப்போது மாறும். மாறியதும் கைப்பேசியில் பார்த்து அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஆகஸ்டு 17, சனிக்கிழமை. மாலையில் தெரு முழுவதும் மின்சாரம் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்தது. இரவு ஒன்பது மணிக்கு அக்கா பேசினாள்: "உள்ள போக முடியலடி." புதிய முகவரியை எடுத்து அனுப்பினேன். அப்பொழுதும் இல்லை. அந்தப் பக்கத்து இயந்திரம் அணைந்திருக்கலாம், அனுமதி தரப்படாமல் இருக்கலாம், வலையில் இல்லாமல் இருக்கலாம் என்று மூன்று காரணங்களைச் சொல்லும் செய்தியே அவள் திரையில் மீண்டும் மீண்டும் வந்தது. 20 ஆம் தேதிக்குள் மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் "கண் போனதிலிருந்து அவர் கணக்கும் சரியில்லை" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், மற்ற ஆறு பேரும் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

அன்று மாலை மோடத்தின் அருகே தம்பி நின்றதை நான் பார்த்திருந்தேன். போதாதா? ஞாயிறு காலையில் படியேறிச் சென்றேன். "நீதானே பெட்டியை நோண்டினே? உன் விளையாட்டுக்காக எங்க லைனை எடுத்துவிட்டுட்டியா?" என்று பெரியம்மாவின் முன்னிலையிலேயே கேட்டேன். அவன் திகைத்துப் போனான். "இல்லக்கா, கரண்டு வந்ததும் சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. அணைச்சுப் போட்டேன், அவ்வளவுதான்" என்றான். நான் விடவில்லை. "உன்னை நம்பி நாங்க குடும்பம் நடத்துறோம் பாரு" என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. பேரனின் தோளைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிராது.

கீழே வந்தபோது அப்பா கட்டிலில் அமர்ந்திருந்தார். நான் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. "இருப்பாய்வுல ஒன்பது ரூபா இடிச்சா நான் என்ன செய்வேன் தெரியுமா?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா, எங்கேயோ இலக்கத்தை முன்னே பின்னே மாத்திப் போட்டிருக்கேன்னு அர்த்தம். முப்பத்தாறை அறுபத்து மூணுன்னு எழுதியிருப்பேன். கடைக்காரன் கல்லாவுல கை வெச்சான்னு சொல்றதுக்கு முன்னாடி, என் பேரேட்டை முதல் வரியிலேயிருந்து பார்ப்பேன். பிழை வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது எழுதின கையைத்தான், தாயி."

எழுதின கை என்னுடையது! நான் கணிப்பொறியின் முன் அமர்ந்து, அப்பா சொன்னபடி முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

முதலாவது, கணிப்பொறி விழித்திருக்கிறதா? பலர் வீட்டில் அது சிறிது நேரத்தில் உறங்கிவிடும். உறங்கும் கணிப்பொறியின் கதவை எவ்வளவு தட்டினாலும் திறக்காது. எங்களுடையது விழித்திருந்தது. இரண்டாவது, ரிமோட் டெஸ்க்டாப் அனுமதி இருக்கிறதா? இருந்தது. மூன்றாவது, உள்ளேயிருந்து திறக்கிறதா? காம்பவுண்டின் வைபையிலேயே என் கைப்பேசியை இணைத்து, உள்முகவரியைப் போட்டுத் தட்ட முயன்றேன். 192.168.1.7 பதில் தரவில்லை. நெஞ்சு படபடத்தது. கணிப்பொறியின் உண்மையான உள்முகவரி என்ன என்று பார்த்தேன். 192.168.1.11 என்றிருந்தது! அந்த எண்ணைப் போட்டதும் கைப்பேசியில் கணக்குத் திரை தெரிந்தது.

நடந்தது இதுதான். உள்முகவரியை மோடம் தானாகவே பங்கிட்டுத் தருகிறது. மின்சாரம் போய் வந்தபின் யார் முன்னே வந்து கேட்டார்களோ அவர்களுக்கு முந்திய எண். 7 ஆம் எண் இப்போது வேறு யாருடைய கைப்பேசிக்கோ போயிருக்கிறது. "இந்தக் கணிப்பொறிக்கு எப்பொழுதும் 7 தான்" என்று ஜூன் மாதமே மோடத்தில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வைக்கத் தவறியவள் நான்.

விதியைத் திருத்த வேண்டுமானால் மோடத்தின் கடவுச்சொல் வேண்டும். அது மாடியில் இருக்கிறது. எந்தக் கதவு என் முன் சாத்தப்பட்டதோ, அதே கதவைத் தட்ட வேண்டும். தோழியரே, பதினான்கு படிகள்தாம். அவற்றை ஏற எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

பெரியம்மா கதவைத் திறந்தார். "பெரியம்மா, தப்பு என் மேலதான். தம்பி ஒண்ணுமே செய்யலை. நான் வார்த்தையை விட்டுட்டேன்" என்றேன். மேலே பேச முடியாமல் அழுதுவிட்டேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "அவன் காலையிலேருந்து சாப்பிடலை. அவன்கிட்டயே சொல்லு" என்றார். உள்ளே சென்று அவனிடமும் சொன்னேன். அவன் தலை நிமிராமலே, "பரவாயில்லக்கா" என்றான். சிறிது நேரம் கழித்து, "பாஸ்வேர்டு வேணுமாக்கா?" என்று அவனாகவே கேட்டான். அந்தக் கேள்வி என்னை மறுபடியும் குத்தியது. கடவுச்சொல்லுக்காகத்தான் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று அவன் எண்ணியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்ததல்லவா?

இருவரும் மோடத்தின் பக்கத்தைத் திறந்தோம். விதியில் 11 என்று திருத்தினோம். அந்த எண்ணைக் கணிப்பொறிக்கென்று ஒதுக்கியும் வைத்தோம். அக்காவை அழைத்தேன். இப்பொழுதும் இல்லை! எனக்கு அழுகையே வந்தது. அப்பொழுது தம்பிதான் திரையைச் சுட்டிக் காட்டினான். "அக்கா, மோடத்துல வெளி முகவரி 100 னு ஆரம்பிக்குது. நீங்க அக்காவுக்கு அனுப்பின நம்பர் வேறயா இருக்கே?" பார்த்தேன். மோடம் தன்னுடையது என்று எண்ணியிருந்த முகவரி ஒன்று. வெளியுலகம் எங்களை அறிந்திருந்த முகவரி வேறொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டாமா? ஏன் வேறாக இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரியில் ஆய்வக வகுப்பு முடிந்ததும் எங்கள் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து விளக்கினார். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. உலகிற்கு அவை போதவில்லை. பல கணிப்பொறிகள் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் முறையை 1994 லேயே எழுதி வைத்தார்கள். ஆயினும், 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பு தீர்ந்துபோயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. எனவே இணைப்புத் தரும் நிறுவனங்கள் வீட்டுக்கு ஒரு முகவரி தருவதற்குப் பதிலாக, பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னே வைக்கத் தொடங்கின. அதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும், 42 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவான எண்களை ஒதுக்கினார்கள்.

"உங்கள் காம்பவுண்டுக்கு ஒரு கதவு எண் இருந்தது. இப்போது தெருவுக்கே ஒரே கதவு எண் ஆகிவிட்டது. தெரு முனையில் நிற்கும் காவலரிடம் உங்கள் விதி செல்லாது. மின்சாரம் போய் வந்தபோது உங்கள் இணைப்பு அந்த முறைக்கு மாறியிருக்கிறது" என்றார் பேராசிரியை. ஆக, பிழை இரண்டு. ஒன்று என் கவனக்குறைவு. மற்றொன்று எங்கள் யார் கைக்கும் எட்டாத ஓர் ஏற்பாடு. இரண்டிலும் தம்பிக்குப் பங்கில்லை. முகவரிக்குப் பஞ்சமே இல்லாத ஆறாம் பதிப்பு என்றொரு புதிய முறை பரவி வருகிறது. அதனைப் பெரிதும் பயன்படுத்தும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. ஆனால் எங்கள் மோடத்தில் அது இயக்கப்பட்டிருக்கவில்லை.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அதிருக்கட்டும், இரண்டு மாதமாக 3389 ஐ ஊருலகத்திற்கே திறந்து வைத்திருந்தாயா? வீட்டுக்குப் போய்ப் பாதுகாப்புப் பதிவேட்டைத் திறந்து, 4625 என்ற எண் எத்தனை முறை இருக்கிறது என்று பார்."

அன்று மாலை பார்த்தேன். விண்டோஸில் யாராவது தவறான கடவுச்சொல்லோடு நுழைய முயன்றால் 4625 என்ற எண்ணில் ஒரு குறிப்பு பதிவாகும். பக்கம் பக்கமாக அதுவே இருந்தது! நள்ளிரவிலும் விடியற்காலையிலும், 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டெஸ்ட்', 'யூசர்' என்று முன்பின் அறியாத எவரோ பெயர்களை மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்கள். தட்டியவை மனிதர்கள்கூட அல்ல. திறந்த வாசல்களைத் தேடி உலகெங்கும் அலையும் நிரல்கள். சனிக்கிழமை மாலையோடு அந்தக் குறிப்புகள் நின்றுபோயிருந்தன. எந்த அடைப்பைக் கண்டு நான் ஆத்திரப்பட்டேனோ, அந்த அடைப்பே அவர்களையும் வெளியே நிறுத்தியிருக்கிறது. அப்பாவின் கடவுச்சொல் என்ன தெரியுமா? என் பெயரும் நான் பிறந்த ஆண்டும்! ஏழு கடைகளின் கணக்கும் அந்த ஒற்றைத் தாழ்ப்பாளில்தான் இரண்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டைக் கடைசிவரை தேடினேன். முன்பின் தெரியாதவர் எவரும் உள்ளே நுழைந்ததாகக் குறிப்பு இல்லை. அதன் பிறகே எனக்கு மூச்சு வந்தது.

இது வீண் அச்சமன்று. 2019 மே மாதத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பழைய விண்டோஸ் பதிப்புகளில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புக அது வழிவிட்டது. 2014 இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் அப்பொழுது திருத்தம் வெளியிட்டது என்றால், ஆபத்தின் அளவை நீங்களே உணரலாம்.

எங்கள் மூன்றாம் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார், பூட்டுத் தொழிலாளி. 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு அவர் போன்றவர்களின் கைவேலை. அலிகார் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்தபின் தொழில் மெலிந்தாலும், இன்றும் மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் அறுத்து, அரம் போட்டுச் சாவி கூட்டுகிறார். திண்ணையில் அமர்ந்து நான் அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவரும் கேட்டார். "பூட்டு எத்தனை லீவர்ங்கிறது அப்புறம் இருக்கட்டும் பாப்பா. சாவி போடுற ஓட்டையை ஏன் தெருப் பக்கம் வெச்சே? போறவன் வர்றவனெல்லாம் கம்பியை விட்டுப் பார்ப்பானே" என்றார். சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டும் நம் ஊரில் செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவேடும் ஒரு மணிதான். இரண்டு மாதம் அடித்துக்கொண்டே இருந்தது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இனி, வழி என்ன? வெளியிலிருந்து உள்ளே வரத்தான் தடை. உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. எனவே எங்கள் கணிப்பொறியும் அக்காவின் மடிக்கணிப்பொறியும் தத்தம் வீட்டிலிருந்து வெளியே வந்து, பொதுவான ஓரிடத்தில் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, தங்களுக்குள் மறைகுறியிட்ட ஒரு தனிப் பாதையை அமைத்துக்கொண்டால் போதும். இதற்கு டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. பேராசிரியை சொன்னபடி இரண்டு பக்கமும் அதனை நிறுவினோம். மோடத்தில் நான் எழுதிய 3389 விதியை, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே அழித்தேன். அப்பாவின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். வெறும் எண்ணைச் சொன்னால் திரையைக் காட்டிவிடும் செயலிகளும் உண்டு, அவை எளியவை. ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டுவோரைக் குறித்து 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. அத்தகைய எண்ணை எவரிடமும் சொல்லாதிருங்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கள் இரவு பத்து மணி. கோவையில் குழந்தை உறங்கியது. அக்காவின் திரையில் அம்புக்குறி அசைந்தது. ஆனால் ஒவ்வோர் அசைவும் கால் இழுத்து நடப்பதுபோல வந்தது. நான்கு வீடும் விழித்திருந்த நேரம். ஒரு வீட்டில் படம், ஒரு வீட்டில் தொடர். அக்கா தன் பக்கத்தில் திரையின் அளவையும் நிறங்களையும் குறைத்தாள், சற்றுத் தேறியது. திடீரென்று எல்லாம் சீராக ஓடத் தொடங்கியது. என்னவென்று வெளியே வந்து பார்த்தேன். மாடிப்படியில் தம்பி நின்றிருந்தான். "கேமை நிறுத்திட்டேன்கா. அக்கா முடிக்கட்டும்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. நான் யாரை நோக்கி விரல் நீட்டினேனோ, அவன் யாரும் கேளாமலே தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்து நின்றான்.

அப்பா கண்களை மூடி அமர்ந்து ஒவ்வொரு கடையின் கணக்காகச் சொல்ல, அக்கா சரிபார்த்தாள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஏழாவது கணக்கும் நேரானது. 20 ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்காரர்களின் கைப்பேசிக்கு வந்த ஒருமுறை எண்ணைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் தாக்கல் செய்து முடித்தாள். ஒரு ரூபாயும் தாமதக் கட்டணம் இல்லை.

ஆனால் வேறொரு கட்டணத்தை நான் இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறேன். தம்பி முன்போலவே பேசுகிறான். கேட்ட உதவியைச் செய்கிறான். அவனுடைய காலாண்டுத் தேர்வுக்குக் கணக்கும் கணிப்பொறியும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனினும் மோடத்தில் எதையாவது தொட வேண்டியிருந்தால், முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, அணைச்சுப் போடப்போறேன், உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறான். அந்தக் கேள்வி ஜூன் மாதத்தில் அவனிடம் இல்லை. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். மோடத்தில் எழுதிய விதியை ஒரு நொடியில் அழித்துவிட்டேன். இதை அழிக்க எந்தப் பொத்தானும் எனக்குக் கிடைக்கவில்லை.

தோழியரே! நாளை உங்கள் வீட்டிலும் இணைப்பு அறுபடலாம், கணக்கு இடிக்கலாம், வைத்த பொருள் காணாமற் போகலாம். அப்பொழுது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுமுன், முதல் வரியிலிருந்து உங்கள் பேரேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படிப் பார்த்தபின்பும் படியேற வேண்டியிருந்தால், குற்றம் சாட்டுவதற்காக ஏறாதீர்கள். உதவி கேட்பதற்காக ஏறுங்கள். பதினான்கு படிகளும் அப்பொழுது எளிதாக இருக்கும்.